கொழும்பு மணிக்கூட்டு வெளிச்சவீடு

கொழும்புக் கோட்டையில் சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில், நடுவீதியில் நிற்கும் 29 மீற்றர் உயரக் கோபுரம். மணிக்கூட்டுக் கோபுரமாகப் பிறந்து, பின்னர் 85 ஆண்டுகள் கடலுக்கும் ஒளி காட்டியது.

இதை வடிவமைத்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். வேலை 1856–57 இல் நடந்தது. மணிக்கூடு கோபுரத்தைவிட மூத்தது என்பார்கள்: ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1814 இல், 1,200 பவுண் கொடுத்துத் தருவிக்கப்பட்டு, செலவுக்கு அஞ்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் களஞ்சியத்தில் கிடந்ததாம். நேரம் காட்ட வந்த பொருளுக்கு அதைவிட அவமானம் என்ன இருக்கிறது!

1867 இல் கோபுர உச்சியில் விளக்குக் கூண்டு ஏறியது. நகரில் அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லாததால், இன்னொன்று கட்டுவானேன் என்ற கணக்குத்தான். கீழே வீதியில் போகிறவருக்கு மணி, மேலே கப்பலோட்டிக்கு ஒளி. முதலில் மண்ணெண்ணெய், 1907 இல் வாயு, 1933 இல் மின்சாரம் என்று விளக்கு மாறியது. இடையில் பழைய மணிக்கூடும் போய், 1914 இல் புதியது ஓடத் தொடங்கியது.

விளக்கைக் கெடுத்தது துறைமுகத்தின் வளர்ச்சிதான். 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் இவ்வழிக் கப்பல்கள் பெருகின. கோட்டை மதில்களும் அதே காலத்தில் இடிபட்டு, கட்டடங்களுக்கு இடம் விட்டன. 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின், அதுவரை காலித் துறைமுகத்துக்குப் போன கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கப்பலோடு பணமும் வந்தது. வங்கிகளும் கம்பனிகளும் கோட்டைக்குள் மாடிமேல் மாடி கட்டின. கடலிலிருந்து பார்த்தால் விளக்கு அவற்றின் பின்னால் மறைந்தது. 1952 இல் அது அணைக்கப்பட்டது.

அதே ஆண்டு கால்பக் கரையில் புதிய வெளிச்சவீடு எழுந்தது. அதுவும் 29 மீற்றர்தான். ஆனால் சுற்றிலும் நான்கு சிங்கச் சிலைகள் காவலிருக்கும் 12 மீற்றர் கொங்கிறீற்று மேடை அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இம்முறை கடலோரத்திலேயே கட்டியதால் மறைக்க எதுவும் வராது என்று நம்பியிருப்பார்கள். ஆனால் 2014 இல் ‘கொழும்புத் துறைமுக நகரம்’ என்ற புதிய நகரத்துக்காக அதன் முன்னால் கடலை நிரப்பத் தொடங்கி, 269 ஹெக்டயர் நிலத்தை உருவாக்கிவிட்டார்கள். சிங்கங்களுக்கு எதிரே இப்போது கிடப்பது அந்த நிலம்.