மதுவைக் கண்டித்த அரசனின் மதுப் பரிசு: மேற்குச் சோவ் காலத்துப் பெரிய யூ டிங் கலம் பற்றி

பெய்ஜிங்கின் சீனத் தேசிய அருங்காட்சியகத்தில் மூன்று தடித்த கால்களில் நிற்கும் ஒரு வெண்கலக் கலம் இருக்கிறது. காதுகளையும் சேர்த்து உயரம் 101.9 செ.மீ., வாய் விட்டம் 77.8 செ.மீ., எடை 153.5 கிலோ. பலியிட்ட விலங்கின் இறைச்சியை வேகவைத்து முன்னோருக்குப் படைக்கும் இவ்வகைக் கலத்துக்கு டிங் என்று பெயர். இதைச் செய்வித்தவன் யூ என்னும் பிரபு. அவன் செய்வித்த இன்னொரு டிங்கும் அறியப்பட்டதால் இது ‘பெரிய யூ டிங்’ ஆயிற்று. உட்சுவரில் 19 வரிகளில் 291 எழுத்துகள் வார்க்கப்பட்டுள்ளன. முடிவில் ஆண்டு தரப்படுகிறது: அரசனின் 23ஆம் ஆண்டு. அந்த அரசன் சோவ் மரபின் காங் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. சீனாவின் சியா–ஷாங்–சோவ் காலவரிசைத் திட்டம் தரும் ஆட்சிக்காலப்படி அது கி.மு. 998.

இந்தப் பொறிப்பின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நெடுநாளாக ஒரு கதை சொல்லப்படுகிறது. ஷாங் அரசு குடியால் அழிந்தது. அதை வென்ற சோவ் அரசு குடியைத் தடைசெய்தது. அதனால் சடங்குக் கலங்களில் மதுக்கலங்கள் அருகி உணவுக்கலங்கள் பெருகின. அதற்குச் சான்றாக இறைச்சிக் கலமான இந்த டிங்கே காட்டப்படுவதும் உண்டு. அருங்காட்சியகக் குறிப்புகளிலும் பொது வரலாற்று நூல்களிலும் இவ்விளக்கம் எளிதில் இடம்பிடித்துவிடுகிறது. பொறிப்பை முழுவதும் படித்தால் அது நிற்காது என்பதே என் வாதம். இக்கலம் மதுவை விலக்கவில்லை. யார் கையிலிருந்து வந்த மதுவை, எந்த அவையில், எந்த அளவில் அருந்தலாம் என்பதை அரசனின் உரிமையாக்குகிறது.

முதலில் வாசகம். ஒன்பதாம் மாதம், சோங்சோவ் தலைநகரில் அரசன் யூவை நோக்கிப் பேசுகிறான். வென் அரசர் வானத்தின் பேராணையைப் பெற்றார். அவருக்குப் பின் வூ அரசர் நாட்டை நிறுவித் தீயோரை அகற்றி நாற்றிசையையும் தமதாக்கினார். (வென், வூ என்ற இருவர் பெயர் எழுத்துகளிலும் ‘அரசன்’ என்ற குறி ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது. மேற்குச் சோவ் தொடக்கத்தின் மரபு இது. நிறுவிய அரசர்கள் மீதிருந்த பக்தி எழுத்தின் உருவத்திலேயே புகுந்திருக்கிறது.) அந்நாளில் அரசப்பணி செய்தோர் மது முன்னிருந்தும் வெறிகொள்ளத் துணியவில்லை, வேள்விகளில் முறை தவறவும் துணியவில்லை, ஆதலால் வானம் முன்னோரைக் காத்தது. ஷாங்கின் எல்லைப்புறத் தலைவர்களும் நடுவண் அலுவலர்களுமோ ஒட்டுமொத்தமாக மதுவில் மூழ்கியதால் தம் படைபலத்தை இழந்தார்கள் என்று தான் கேள்விப்பட்டதாக அரசன் சொல்கிறான்.

கதை சொல்வோர் வழக்கமாக நிறுத்தும் இடம் இது. பொறிப்பு நிற்கவில்லை. யூ இன்ன பணிகளை ஏற்க வேண்டும், காலையும் மாலையும் வந்து அறிவுரை கூற வேண்டும், வானத்தின் சினத்துக்கு அஞ்ச வேண்டும் என்று கட்டளைகள் தொடர்கின்றன. பின்பு பரிசுப் பட்டியல் வருகிறது. அதில் முதலாவதாக நிற்பது ஒரு கலம் நறுமண மது! கருநிறத் தினையிலிருந்து வடித்து மணமூட்டிய சடங்கு மது அது. அதை அளக்கும் ‘யோவ்’ என்ற மூடிக்கலமும் சோவ் தொடக்கத்தின் சிறந்த வெண்கல மதுக்கலங்களுள் ஒன்று. மதுவுக்குப் பிறகே உடை, காலணி, தேர், குதிரைகள், யூவின் பாட்டன் நான்கோங்கின் கொடி ஆகியன வருகின்றன.

குடியால் ஓர் அரசு அழிந்ததென்று அவையறியச் சொன்ன அரசன், அதே பேச்சின் முடிவில், அதே மனிதனுக்கு முதல் பரிசாக மதுவைக் கொடுக்கிறான். இதை முரண்பாடு என்று ஒதுக்குவதோ, பரிசுப் பட்டியல் வெறும் வாய்பாடு என்று தாண்டிப் போவதோ பொருந்தாது. நறுமண மது பரிசளிக்கப்படுவது மற்றச் சோவ் பொறிப்புகளிலும் வருவது உண்மையே. ஆனால் வாய்பாடு என்பதாலேயே அதற்குப் பொருள் இல்லாமல் போகாது. கண்டனமும் பரிசும் ஒரே உரையின் இரண்டு பாதிகள். ஷாங் அலுவலர்களின் குற்றம் குடித்தது அல்ல. பணியையும் வேள்வியையும் மறக்கும்படி குடித்தது. வென், வூ காலத்தவரின் சிறப்பும் மதுவைத் தொடாதது அல்ல. அது முன்னே இருந்தும் நிலை தவறாதது. அப்படிப்பட்ட பணியாளனாக இருப்பேன் என்று ஏற்பவனுக்கே அரசன் மதுவை அளிக்கிறான். அந்த மதுவும் யூவின் தனி விருந்துக்கு அன்று, முன்னோர் வழிபாட்டுக்கு.

‘ஷூ ஜிங்’ தொகுப்பில் உள்ள, மது பற்றிய ‘ஜியூ காவோ’ என்ற அரசாணையும் இந்தக் கோணத்தில் வேறாகத் தெரிகிறது. பழைய ஷாங் நிலத்தை ஆளச் செல்லும் காங் என்ற இளவரசனுக்கு (காங் அரசன் வேறு) சொல்லப்பட்டதாக அமைந்த ஆணை அது. கூட்டமாகக் கூடிக் குடிக்கும் சோவ் மக்களைப் பிடித்து அனுப்பினால் கொல்லப்படுவர் என்று அது அச்சுறுத்துகிறது. ஷாங் கைவினைஞர் குடித்தால் முதலில் கற்பிக்கச் சொல்கிறது. வேள்விக்குரிய மதுவையோ அது விலக்கவே இல்லை. ஒரு வெண்கலத்தின் சமகாலச் சொல்லும் வழிவழி வந்த ஏட்டின் சொல்லும் இவ்வளவு நெருங்கி வருவது அரிது. இரண்டையும் ‘மதுவிலக்கு’ என்ற ஒற்றைத் தலைப்பில் அடைத்ததால்தான் குழப்பம் நேர்ந்தது.

இனி மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்றுகள். ஷாங் மேட்டுக்குடியினரின் சடங்கில் மதுவுக்கிருந்த இடத்தைப் பற்றி ஐயமில்லை. 1976இல் ஆன்யாங்கில் அகழப்பட்ட அரசி ஃபூ ஹாவோவின் கல்லறையில் 53 கூ கிண்ணங்களும் 40 ஜுவே கலங்களும் கிடைத்தன; இரண்டுமே மதுவுக்கானவை. சோவ் வெற்றியோடு இவை நின்றுபோயினவா? இல்லை. பாவோஜியில் 1901இல் வெளிப்பட்டு, துவான்ஃபாங் என்ற அலுவலரின் தொகுப்பில் இருந்து, 1924இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்ற படையல் மேடைத் தொகுதி ஷாங் முடிவையும் சோவ் தொடக்கத்தையும் சேர்ந்தது. அந்த மேடைமேல் அடுக்கப்பட்டவை பெரும்பாலும் மதுக்கலங்கள். அதே பாவோஜியின் ஷிகூஷானில் 2012இல் அகழப்பட்ட சோவ் தொடக்கக் கல்லறையிலும் மேடையோடு மதுக்கலங்கள் இருந்தன. இளைய அரசகுலத்தவன் ஒருவனுக்குச் செங் அரசன் அறிவுரை கூறியதை 122 எழுத்துகளில் தாங்கும் ஹே சுன் கலமே மதுக்கலம்தான். அரசனின் நல்லுரையை மதுக்கலத்தில் பொறிப்பதில் அக்காலத்தவர் எந்தத் தயக்கமும் காட்டவில்லை.

யூவின் இரண்டாம் கலம் இன்னும் நேரடியான சாட்சி. அது தொலைந்துவிட்டது, சிதைந்த பொறிப்பின் மைப்படி மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘சிறிய’ டிங் என்று பெயர் பெற்றாலும் அதன் வாசகம் பெரியதினுடையதைவிட நீளம். 25ஆம் ஆண்டு எனப் பலர் படிக்கும் அப்பொறிப்பு, யூ குய்ஃபாங் மக்களின் மேல் படையெடுத்து வென்று திரும்பியதைச் சொல்கிறது: வெட்டிக் கொணர்ந்த காதுகள் 4,800க்கு மேல், சிறைப்பட்டோர் 13,081 பேர், 30 தேர்கள், 355 மாடுகள். அந்த வெற்றிச் சடங்கு எப்படித் தொடங்குகிறது? விடியலில் உயர் அலுவலர்கள் உள்ளே வந்து மதுச் சடங்கு செய்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் அரசன் சோவ் கோயிலுக்குள் வருகிறான். குடியைப் பற்றிய எச்சரிக்கையைத் தன் டிங்கில் பொறித்துக்கொண்ட அதே யூ, தன் வாழ்வின் மிகப் பெரிய நாளை மதுவோடு தொடங்கிய சடங்கில் நிற்கிறான். அதையும் மறைக்காமல் வெண்கலத்தில் வார்க்கிறான். மதுவிலக்குக் கதைக்கு இதைவிடக் கடினமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அரசன் மதுவைப் பற்றி யூவிடம் ஏன் பேச வேண்டும்? விடை பெரிய டிங்கின் பட்டியலில் அடுத்து வரும் பரிசுகளில் இருக்கிறது என்று கருதுகிறேன். நான்கு தலைவர்களும் அவர்கள் கீழ் 659 ஆட்களும், பிறகு 13 தலைவர்களும் 1,050 ஆட்களும் யூவுக்குக் கொடுக்கப்படுகிறார்கள். தலைவர்களையும் சேர்த்து 1,726 பேர். குவோ மோருவோ இந்த எண்ணிக்கையை ஷாங், சோவ் சமூகங்கள் அடிமைமுறைச் சமூகங்கள் என்ற தம் கோட்பாட்டுக்குச் சான்றாக்கினார். இவர்கள் அடிமைகள் அல்லர், பதிவு செய்யப்பட்ட சார்புக் குடிகள் என்று மறுத்தோரும் உண்டு. எப்படியாயினும் ஒரு சிற்றரசுக்குரிய மனித வலிமை ஒருவன் கைக்குப் போகிறது. முந்தைய அரசு விழுந்தது அதன் அரசன் ஒருவனால் மட்டும் அல்ல, எல்லைத் தலைவர்களாலும் அலுவலர்களாலும்தான் என்று அரசன் குறித்துச் சொல்வதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வானத்தின் ஆணை அரசனுக்கு வந்தது. அதைக் காப்பதும் இழப்பதும் பணியாளரின் நடத்தையில் இருக்கிறது. இத்தனை ஆட்களைப் பெறுகிறவனுக்குச் சொல்லத்தக்க மிகக் கூர்மையான சொல் இது. மது இங்கே தன்னடக்கத்தின் சோதனை. அதைக் கொடுப்பவன் அரசன், கணக்குக் கேட்பது வானம்.

பொறிப்பு இருக்கும் இடத்தையும் மறக்கக்கூடாது. களிமண் உட்கருவில் எழுத்துகள் முன்கூட்டியே அமைக்கப்பட்டு, வெளியச்சுகளுக்கும் கருவுக்கும் இடையே உருகிய வெண்கலம் ஊற்றப்பட்டது. வார்த்த பின் செதுக்கியது அல்ல. அத்தனை எழுத்தும் ஒரே ஊற்றில் பிறந்தது. இரண்டு தொகுதிகளாக ஒழுங்காக நிற்கும் வரிகளைப் பார்க்கையில் பட்டறையின் பொறுமை மலைக்க வைக்கிறது. ஆனால் வேகும் இறைச்சியால் கலம் நிறைந்தால் எழுத்து மறைந்துபோகும். யார் படிப்பதற்காக இது? பொறிப்புகள் முதலில் முன்னோரை நோக்கிய சமயப் பேச்சு என்பது லோதர் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வற்புறுத்தும் கருத்து. எட்வர்ட் ஷானசி போன்றோர் இவற்றை அரசியல் வரலாற்றின் மூலச்சான்றுகளாகப் படித்திருக்கிறார்கள். யூ கலத்தில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. முக்கால் பங்குக்கு மேல் அரசனின் குரல். கடைசியில்தான் யூ வருகிறான்: அரசனின் அருளைப் போற்றி, பாட்டன் நான்கோங்குக்கு இந்தக் கலத்தைச் செய்ததாகச் சொல்கிறான். அரசன் தன் வாயால் சொன்னதைப் பாட்டன் படையலோடு சேர்த்து ஏற்கிறார். பேரனின் வாக்குறுதிக்கு இறந்தவர் சாட்சியாகிறார். பாட்டனின் கொடியையே பேரனுக்கு அளித்த அரசனும் இதை அறிந்தே பேசியிருக்கிறான்.

அந்த நான்கோங் நீண்டகாலம் பெயரளவிலேயே இருந்தார். ஹூபெய் மாகாணத்தின் சுய்சோவ் பகுதியில் கிடைத்த ஸெங் நாட்டு வெண்கலங்கள் அதை மாற்றின. யெஜியாஷான் இடுகாட்டின் ஒரு கலம் மறைந்த தந்தை நான்கோங்குக்கெனச் செய்யப்பட்டது. வென்ஃபெங்தாவில் 2009இல் வெளிப்பட்ட மணிகளின் வாசகம் நான்கோங்கை வென், வூ அரசர்களுக்குத் துணைநின்ற முன்னோராகக் காட்டுகிறது. இந்த நான்கோங்கும் யூவின் பாட்டனும் ஒருவரே எனப் பல அறிஞர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் வெற்றித் தலைமுறையின் துணைவர் ஒருவரின் பேரனிடம்தான் அரசன் அந்த வெற்றியின் காரணத்தை நினைவூட்டுகிறான். அன்னியனுக்குப் பாடம் சொல்லவில்லை, உரிமையுள்ளவனிடம் பொறுப்பைக் கேட்கிறான்.

கலத்தின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஷான்சி மாகாணத்தின் மெய் வட்டத்தில் அது வெளிப்பட்டது. தன் மேல் வந்த குற்றச்சாட்டிலிருந்து காத்த அலுவலர் பான் சூயினுக்கு நன்றியாகத் தளபதி சுவோ சோங்தாங் அதை அனுப்பினார். 1937இல் ஜப்பானியப் படை பான் குடும்பத்தின் ஊரான சூசோவுக்கு வந்தபோது அக்குடும்பத்தின் மருமகள் பான் தாயூ அதை வீட்டுக்குள்ளேயே மண்ணில் புதைத்துக் காத்தார். 1951இல் இன்னொரு புகழ்பெற்ற டிங்கோடு சேர்த்து நாட்டுக்கு அளித்தார். 1959இல் அது ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்குச் சென்றது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அந்தப் பெண்ணின் உறுதி இல்லையேல், சிறிய டிங்கைப் போல இதையும் மைப்படியில் மட்டுமே பார்த்திருப்போம்.

மதுக்கலங்கள் அருகியது உண்மைதான். ஆனால் அது யூவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், கி.மு. 9ஆம் நூற்றாண்டை ஒட்டி நிகழ்ந்தது. ஜெசிகா ராசன் உள்ளிட்டோர் அதைச் சடங்குச் சீர்திருத்தம் என்கிறார்கள். அதை அறிவிக்கும் பொறிப்பு எதுவும் இல்லை. கல்லறைகளிலும் புதையல்களிலும் கலங்களின் கூட்டு மாறுவதைக் கொண்டே அறிகிறோம். ஃபூஃபெங்கின் சுவாங்பாயில் 1976இல் கிடைத்த 103 வெண்கலங்கள் ஒரே குடும்பத்தின் பல தலைமுறைகளைச் சேர்ந்தவை. மாற்றத்தை அங்கே தலைமுறை தலைமுறையாகப் பார்க்கலாம். ஜுவே, கூ, யோவ் போன்ற கையடக்கக் கலங்கள் குறைய, ஒரே வடிவில் வரிசையாகச் செய்த உணவுக்கலங்கள் பெருகுகின்றன. அப்போதும் மது போய்விடவில்லை. அக்குடும்பத்தின் பிற்காலத் தலைவன் ஷிங் செய்வித்த பெரிய ஹூ சாடிகள் மதுவுக்கானவை. அவற்றுள் மூன்றாம் ஆண்டுச் சாடியின் பொறிப்பு, அரசன் இரண்டு இடங்களில் மது விருந்து நடத்தி, ஷிங்கை அழைத்து, ஒருமுறை ஆட்டுக்குட்டி இறைச்சித் தட்டையும் மறுமுறை பன்றி இறைச்சித் தட்டையும் அளித்ததைப் பதிகிறது. கலத்தின் வடிவம் மாறியிருக்கிறது. அரசன் கூட்டிய அவையில், அரசன் கொடுக்க, பணியாளன் பெறுகிற மது மாறவில்லை.