இலவச லேப்டாப் ஸ்லோ ஆகிடுச்சா? புது ஹார்ட் டிஸ்க் வாங்கும் முன் இதைப் படிங்க!

திருச்சி - திண்டுக்கல் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் அரசுப் பள்ளியில் பிளஸ் 2 முடித்தவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு இலவச லேப்டாப் இருக்கும். ஆன் பண்ணிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் ஸ்கிரீனில் வட்டம்தான் சுத்திக்கிட்டு இருக்கும். "வேற டிஸ்க் போட்டா சரியாகிடும்" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எந்த டிஸ்க் என்பதில்தான் பலர் காசை விடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு ஸ்லோ?

இந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். எல்காட் மூலம் வாங்கப்பட்ட தொடக்க கால மாடல்களில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் 2 ஜிபி ரேமும் இருந்தன. ஹார்ட் டிஸ்க்குக்குள் இருப்பது சுழலும் தட்டு. கேட்ட ஃபைல் இருக்கும் இடம் சுற்றி வரும்வரை, அதைப் படிக்கும் முனை காத்திருக்கணும். லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்பவை; ஒவ்வொரு முறையும் சராசரியாக 5.5 மில்லி விநாடி காத்திருப்பு. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும். நேரம் போவது அங்கேதான்.

7,200 சுற்று டிஸ்க் வாங்கலாமா?

வேண்டாம். காத்திருப்பு 5.5-லிருந்து 4.2 மில்லி விநாடியாகக் குறையும், அவ்வளவுதான். சூடும் பேட்டரி செலவும் கூடலாம். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே கிடையாது, எல்லாம் சிப். அதில் ஒரு ஃபைலை எட்டுவதற்கு ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி போதும். கல்லூரி மாணவர்களுக்கு அரசு இப்போது தரும் புது லேப்டாப்களிலும் 256 ஜிபி எஸ்எஸ்டிதான் இருக்கிறது.

எந்த எஸ்எஸ்டி?

கடையில் முதலில் காட்டப்படுவது, விநாடிக்கு 3,500 எம்பி வேகம் என்று போட்ட என்விஎம்இ ரகமாக இருக்கலாம். சூயிங்கம் பட்டை போல ஒல்லியாக இருக்கும். 2011 காலத்து லேப்டாப்பில் அதைச் செருக இடமே இல்லை. அதற்குத் தேவை 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. அதன் வேகம் சுமார் 550 எம்பி. பழைய மதர்போர்டில் சாட்டா 2 மட்டும் இருந்தால் இது பாதியாகும். அப்பவும் கவலை வேண்டாம், தினசரி வேலையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கொஞ்சம் புது லேப்டாப் என்றால் எம்.2 ஸ்லாட் இருக்கலாம். அதிலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு ரகம் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் வேலை செய்யாமல் போகலாம். திருச்சிக்கு பஸ் ஏறும் முன், லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் நம்பரை போனில் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

படிப்பு, அலுவலக வேலைக்கு 256 ஜிபி தாராளம். ரேம் 2 ஜிபியாகவே இருந்தால் எஸ்எஸ்டி மட்டும் போட்டு முழுப் பலன் கிடைக்காது. குறைந்தது 4 ஜிபியாவது ஆக்கணும். 2025 இறுதியிலிருந்து மெமரி சிப் விலை ஏறியிருக்கிறது, பழைய விலையை நம்பிப் போகாதீங்க.

அதற்காக, ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் "2 டிபி எஸ்எஸ்டி" பக்கம் போகவே வேண்டாம். அப்படி வருபவற்றில் சின்ன மெமரியை வைத்து, பெரிய அளவு போலக் காட்டும் போலிகள் உண்டு. நிரம்பியதும் பழைய ஃபைல்கள் மேலேயே புதுசு எழுதப்பட்டு, இரண்டும் போய்விடும். பில்லும் 3 ஆண்டு வாரண்டியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றும் முன் முக்கியமான வேலை

திருமண ஆல்பம், புராஜெக்ட், ஸ்கேன் பண்ணி வைத்த மார்க் ஷீட் எல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் முதலில் முக்கியமான ஃபைல்களை பென்டிரைவில் காப்பி எடுத்துவிட வேண்டும், மொத்த டிஸ்க்கையும் குளோன் செய்வதெல்லாம் அப்புறம். டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடணும். ஓட ஓட சேதம் கூடும். ஃபைல்கள் கட்டாயம் வேண்டும் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் போகணும்.

எஸ்எஸ்டியால் தீராத பிரச்னையும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி, 2011 மாடல்களில் இல்லை. இவற்றுக்கு லினக்ஸ் போடுவதே பாதுகாப்பு; அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தேதான் வந்தது.

கழற்றிய டிஸ்க்கை கடையிலேயே விட்டுட்டு வராதீங்க. நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு, வெளியிலிருந்து செருகும் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். புது டிஸ்க்கில் எல்லா ஃபைலும் திறக்கிறதா என்று பார்க்கும்வரை அதில் எதையும் அழிக்க வேண்டாம்.