பெட்ரி வகுத்த வலை

டில்லியில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் மதுரையிலுள்ள தம் தாயாருக்குப் பணம் அனுப்புகிறார். கைப்பேசியைத் தட்டிய மறுகணமே இவர் கணக்கில் தொகை குறைகிறது. தாயார் கணக்கிலோ ஏறவில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்கும். பணம் எங்கே நின்றது? இக்கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

1880-இல் நம் நாட்டில் மணியார்டர் தொடங்கியபோது ஒரு படிவம் கைமாறிக் கைமாறிச் சென்றது. படிவம் எவர் கையில் இருந்ததோ, பொறுப்பும் அவருடையது. 2016-இல் வந்த யூ.பி.ஐ. முறையில் அனுப்பும் வங்கி, பெறும் வங்கி, இடையிலே தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என ஒவ்வொன்றும் தனித்தனிக் கணிப்பொறிகளை வைத்திருக்கிறது. ஒன்றன் உள்ளே மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாது. அவற்றுக்குள் செய்திப் போக்குவரத்து மட்டுமே உண்டு. செய்தி தாமதிக்கலாம், பதில் வராமலே போகலாம். பதில் வராதபோது, காரியம் நடக்கவில்லையா, நடந்தும் பதில்தான் தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. தொல்லையின் ஆணிவேர் இதுவே.

இத்தகைய நிலைமையைக் கணிதமாக வரைந்து காட்டியவர் ஜெர்மானியரான கார்ல் ஆடம் பெட்ரி. 1962-இல் வெளிவந்த அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டின் பெயர், ‘யந்திரங்களோடு தொடர்பு கொள்ளுதல்’ எனப் பொருள்படும். எந்தச் செய்தியும் ஓர் எல்லைக்குட்பட்ட வேகத்திலேயே செல்லும்; ஆகையால் பெருகிக்கொண்டே போகும் யந்திரத் தொகுதி முழுவதையும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டிவைக்க இயலாது என்று அவர் கண்டார். அவர் வழியில் வந்த வலைப்படத்தில் வட்டங்கள் நிலைகளையும், கோடுகள் நிகழ்ச்சிகளையும் குறிக்கும். வட்டங்களுக்குள்ளே புள்ளிகள். ஒரு நிகழ்ச்சிக்கு முன்னுள்ள வட்டங்கள் அனைத்திலும் புள்ளி இருந்தால்தான் அது நடக்கலாம். நடந்தால் அப்புள்ளிகள் நீங்கி அடுத்த வட்டங்களில் தோன்றும். பல்லாங்குழி ஆடியவர்களுக்கு இது புரியாததன்று. படத்தை வரைந்து புள்ளிகளை நகர்த்தினால், இரு தரப்பும் ஒன்றையொன்று எதிர்பார்த்து என்றென்றைக்கும் நின்றுவிடும் முட்டுச்சந்து எங்கே இருக்கிறதென்று முன்கூட்டியே கண்டுவிடலாம்.

பின்னர் பிரிட்டனில் ஹோர் 1978-இலும், மில்னர் 1980-இலும் 1992-இலும் வேறு கணிதங்களை வகுத்தனர். வலையா, இவர்கள் வழியா என்ற வாதம் சற்றுச் சூடாகவே நடந்தது. 2002-இல் ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து, கணிப்பொறிச் சேவைகளை இணைத்து நடத்தும் ‘பீபெல்’ என்ற மொழியை வெளியிட்டன. ஆனால் அம்மொழியின் இலக்கணம் உரைநடையிலேயே எழுதப்பட்டிருந்தது. உரைநடை இருபொருள் படும் என்பது மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! 2005-இல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தார் பீபெல் நிரல்களைப் பெட்ரியின் வலைகளாக மாற்றிச் சோதிக்கும் வழியைக் காட்டினர்.

முட்டுச்சந்தைக் காண்பது ஒருபுறமிருக்க, பாதி நடந்த காரியத்தை என்ன செய்வது? 1987-இல் கார்சியா-மோலினா, சேலம் (நம் ஊர்ப் பெயரன்று, ஆசிரியர் பெயர்) ஆகிய இருவரும், நீண்ட காரியத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றையும் எழுதிவைக்கும்படி கூறினர். கழித்தலுக்கு எதிர்ப்படி திரும்ப வரவு வைத்தல். ஆயினும் தாயார் கணக்கில் பணம் ஏறி, பதில் மட்டும் தொலைந்திருந்தால், அவசரப்பட்டுத் திருப்புவது இருமுறை கொடுத்ததாகிவிடும்.

யூ.பி.ஐ.யைப் பெட்ரியின் வலைகொண்டு அமைத்தனர் என்று நாம் சொல்லவில்லை. எனினும் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்த நெறியில் அதே சிந்தனையைக் காண்கிறோம். பெறுபவர் கணக்கில் ஏற்ற முடியாத தொகையை மறுநாளுக்குள் திருப்பும் பொறுப்பை அது பெறும் வங்கியிடமே வைத்தது. தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை. பணம் ஏறியதா இல்லையா என்பதை நேரே அறியக்கூடியது அந்த வங்கி ஒன்றுதானே!