மானுக்கு உரியவர் யார்? நீலகிரி வேட்டைக்காரரும் செந்நாயும்

காட்டு விலங்குகளின் வரலாற்றைப் பற்றிப் பேச மொழியியலாளர் ஒருவர் வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு காட்டில் எந்த விலங்கு காக்கப்படும், எது கொல்லப்படும் என்பதில் அவற்றுக்கு மனிதர் இட்ட பெயர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி மலையில் மான்கள் குறைந்துவந்தன. அந்தக் குறைவை முதலில் எழுத்தில் பதிந்தவர்களுள் முதன்மையானவர்கள் வேட்டைக்காரர்கள். அவர்கள் என்ன கண்டார்கள், யாரைக் குற்றஞ்சாட்டினார்கள், அக்குற்றச்சாட்டில் அவர்கள் கையாண்ட சொற்களுக்கு என்ன பங்கு இருந்தது என்பனவே இவ்வுரையின் பொருள்.

மலைக்கு வந்த துப்பாக்கி

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி மலையேறினார். அவர் கண்ட மேட்டுநிலம் புல்வெளிகளும் சோலைக்காடுகளும் மாறிமாறி அமைந்த நிலம். தோதவர் எருமை மேய்த்தனர்; அவர்கள் வேட்டையாடும் மக்கள் அல்லர். படகர் பயிரிட்டனர். குறும்பரும் இருளரும் மலைச்சரிவுக் காடுகளில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்தனர். கடமானும் வரையாடும் புலியும் செந்நாயும் இவர்களோடு நெடுங்காலம் ஒரே மலையில் வாழ்ந்திருந்தன.

அடுத்த அரை நூற்றாண்டில் அந்த மலையின் முகமே மாறியது. உதகமண்டலம் படை அதிகாரிகள் உடல்நலம் தேடிச் செல்லும் ஊராகவும், பின்னர் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராகவும் வளர்ந்தது. காப்பி, தேயிலை, சின்கோனாத் தோட்டங்கள் காடுகளை விழுங்கின. விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலிய மரங்கள் புல்வெளிகளில் நடப்பட்டன. துப்பாக்கிகளும் விரைவாகவும் தொலைவாகவும் சுடும் திறன் பெற்றன. கடமானின் கொம்புக்காகவும் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் ஆண்டு முழுவதும் வேட்டை நடந்தது. ஆண், பெண், குட்டி என்ற வேறுபாடு பெரும்பாலும் பார்க்கப்படவில்லை.

1877இல் பிறந்த சங்கம்

இந்நிலை நீடித்தால் சுடுவதற்கே மான் இராது என்ற அச்சம் வேட்டைக்காரர்களிடமே எழுந்தது. 1877இல் அவர்கள் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தை அமைத்தனர். இரண்டே ஆண்டுகளில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தைச் சென்னை அரசு இயற்றியது. வேட்டைக்குத் தடைவிதிக்கப்பட்ட பருவமும் உரிமக் கட்டணமும் நடைமுறைக்கு வந்தன.

இச்செயலை இன்றைய கண்ணோட்டத்தில் எளிதாக ஏளனம் செய்துவிடலாம், அது நேர்மையாகாது. தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்ட வேட்டைக்காரர்கள் அவர்கள். முதிர்ந்த ஆண் விலங்கை மட்டுமே சுட வேண்டும், பெண் விலங்கை விட்டுவிட வேண்டும் என்ற ஒழுக்கத்தை அவர்கள் வளர்த்தனர். விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைத் தொல்காப்பிய மரபியல் தனித்தனியே வகுத்திருப்பதை நாம் அறிவோம். கலை, பிணை, மறி என்னும் வேறுபாடு தமிழ்ப் புலவருக்கு மொழி மரபாக இருந்தது. நீலகிரி வேட்டைக்காரருக்கு அதே வேறுபாடு மந்தை பிழைப்பதற்கான வழியாயிற்று. பிணையைக் காக்காமல் மந்தையைக் காக்க முடியாது என்பதை அவர்கள் பட்டறிந்தனர்.

விளையாட்டும் புழுவும்

சட்டம் பாதுகாத்த விலங்குகளை ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற சொல் குறித்தது. மகிழ்ச்சி, விளையாட்டு என்பனவே அச்சொல்லின் பழம்பொருள். காட்டெருது, கடமான், வரையாடு, பிற மான் வகைகள், முயல், மயில், காட்டுக்கோழி ஆகியன அதில் அடங்கின. இவ்விலங்குகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களும் கவனிக்கத்தக்கவை. வரையாட்டை ஐரோப்பிய மலையாட்டின் பெயரால் ‘ஐபெக்ஸ்’ என்றனர். காட்டெருதை அமெரிக்க விலங்கின் பெயரால் ‘பைசன்’ என்றனர். கேளையாடு என்று நாம் அழைக்கும் சிறிய மானைக் ‘காட்டுச் செம்மறி’ என்றனர். தம் ஊர் வேட்டை மரபை அப்படியே இந்த மலையின்மீது விரித்துப் பார்த்தவர்களின் பெயரீடு இது.

புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியன அந்தப் பட்டியலில் இல்லை. மானைத் தின்னும் விலங்குகளுக்கு, குறிப்பாகச் செந்நாய்க்கு, ‘வெர்மின்’ என்ற வேறொரு சொல் காத்திருந்தது. இலத்தீனத்தில் புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. எலியையும் பூச்சியையும் போல அழித்தொழிக்க வேண்டியது என்பதே அதன் கருத்து. செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டது. குகைகளில் குட்டிகளும் கொல்லப்பட்டன, நஞ்சும் வைக்கப்பட்டது.

வேட்டைக்காரரின் தரப்பு வாதத்தையும் கேட்டாக வேண்டும். செந்நாய்க் கூட்டம் ஒரு பள்ளத்தாக்கினுள் நுழைந்தால் மான்கள் அங்கிருந்து கலைந்தோடிவிடும். வேட்டைக்காரர் கொம்பு முதிர்ந்த கலையைத் தேர்ந்து சுடுகிறார். செந்நாயோ சினையுற்ற பிணையையும் மறியையும் கொல்கிறது. இரை முழுதும் உயிர்விடுமுன்பே தின்னத் தொடங்கும் அதன் பழக்கத்தைக் கண்டவர்கள் அதனைக் கொடிய விலங்கு என்று வெறுத்தனர். இவை காட்டில் நாட்கணக்காகக் காத்திருந்தவர்களின் கண்கண்ட செய்திகள். ஏற்கெனவே மெலிந்துபோன ஒரு மந்தைக்கு ஒவ்வொரு சாவும் பேரிழப்பு என்பதும் உண்மையே.

ஆனால் மந்தை ஏன் மெலிந்தது என்ற கேள்விக்கு அந்தச் செய்திகள் விடையளிக்கவில்லை. செந்நாயும் கடமானும் துப்பாக்கி வருமுன் பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்தே வாழ்ந்தன. மான்களின் வீழ்ச்சியோ தோட்டங்களும் துப்பாக்கிகளும் வந்த சில பத்தாண்டுகளில் நேர்ந்தது. அந்தக் காலக் கணக்கு வேட்டைக்காரர்களுக்கும் தெரிந்ததே. தெரிந்தும் அவர்கள் பரிசுப் பணத்தை நிறுத்தவில்லை. காரணம், அவர்களுடைய சொல்லாட்சியில் மான் அவர்களுக்கு உரிய பொருளாகியிருந்தது. மானைத் துரை கொன்றால் அது விளையாட்டு. மலைக்குடி கொன்றால் திருட்டு வேட்டை. செந்நாய் கொன்றால் கொடுமை. மான் இறப்பது மூன்றிலும் ஒன்றே.

இன்னொரு வேட்டைப் பார்வை

செந்நாயைப் பகையாகக் காண்பது எல்லா வேட்டைக்காரருக்கும் பொதுவான பார்வை அன்று. நற்றிணையின் பாலைப் பாடல் ஒன்றில், பசித்த செந்நாய் மரை என்னும் பெரிய மானைக் கொன்று தின்கிறது. அது விட்டுச்சென்ற மிச்சம் சுரவழியில் செல்வோர்க்கு உணவாகிறது. வெம்மையும் வறுமையும் மிக்க நிலத்தைக் காட்டவே புலவர் இதனைக் கூறுகிறார். ஆயினும் அந்த நிலத்தின் வாழ்க்கை முறையும் அதில் பதிவாகிவிடுகிறது. செந்நாய் வீழ்த்திய மானின் இறைச்சியை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தியக் காடுகளில் வாழும் மக்கள் சிலரிடம் அண்மைக் காலம்வரை இருந்ததை ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர். அவர்களுக்குச் செந்நாய் போட்டியாளன் அன்று. தமக்கும் சேர்த்து வேட்டையாடித் தரும் விலங்கு.

தமிழ் இட்ட பெயரும் எளியது. செம்மை நிறம் கொண்ட நாய், செந்நாய். அதில் புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘டோல்’ என்ற பெயரின் மூலம் இன்னும் உறுதிப்படவில்லை. ஓநாயைக் குறிக்கும் கன்னடச் சொல்லான ‘தோள’ என்பதோடு அதனைத் தொடர்புபடுத்துவோர் உண்டு.

திரும்பிப் பார்த்த வேட்டைக்காரர்கள்

முதுமலை 1940இல் சரணாலயம் ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் இந்தியக் கானுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் செந்நாயின் தலைக்கு விலை வைக்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது. நீலகிரிச் சங்கத்தின் பெயரிலும் ‘கேம்’ என்ற சொல் மறைந்து, கானுயிரைக் குறிக்கும் சொல் இடம்பெற்றது. வேட்டைக்காரராகத் தொடங்கிக் காப்பாளராக மாறிய ஈ.ஆர்.சி. டேவிதார் 1963இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். பின்னர்ச் செந்நாயின் குகைகளருகே காத்திருந்து, அவை குட்டிகளை வளர்க்கும் முறையையும் பதிந்தார். முன்னர்ப் பரிசுப் பணத்துக்காகத் தேடப்பட்ட அதே குகைகள், வேட்டையில் பழகிய ஒருவரின் பொறுமைக்கும் கூரிய கண்ணுக்கும் இப்போது ஆய்வுக்களம் ஆயின. 1970களின் பிற்பகுதியில் ஏ.ஜே.டி. ஜான்சிங் அண்டையிலுள்ள பந்திப்பூரில் செந்நாய்களை முறையாக ஆராய்ந்தார். புள்ளிமானும் கடமானும் செந்நாய்க்கு முதன்மை இரை என்பதை அந்த ஆய்வு காட்டியது.

செந்நாயை அழித்தால் என்ன நேரும் என்பதைப் பூட்டான் நாடு பட்டறிந்தது. கால்நடைகளைக் காக்கும் நோக்கில் 1970களில் அங்கே செந்நாய்களுக்குப் பெருமளவில் நஞ்சு வைக்கப்பட்டது. செந்நாய் அருகியபின் காட்டுப்பன்றிகள் பெருகி, உழவர்களின் பயிரை அழித்தன. கால்நடையைக் காக்க எண்ணியவர்கள் விளைச்சலை இழந்தனர்.

நம் காடுகளில்

இக்கதை நமக்குத் தொலைவானது அன்று. தமிழில் கடமான் என்றும் மிளா என்றும் வழங்கும் அதே மானைத்தான் மலேசியாவில் ‘ரூசா’ என்கிறோம். அதே செந்நாய் தாமான் நெகாரா காடுகளிலும் வாழ்கிறது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று காட்டியது. புலி பிழைக்க இரை வேண்டும் என்பதால் தீபகற்பத்தில் ரூசா வேட்டைக்கான உரிமங்கள் பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டன. நீலகிரியில் மானுக்காகக் கொன்றுண்ணி கொல்லப்பட்டது; இங்கே கொன்றுண்ணிக்காக மான் காக்கப்படுகிறது. ஒரு நூற்றாண்டில் கேள்வியே தலைகீழாகியிருக்கிறது.

உலகில் இனப்பெருக்க வயதுடைய செந்நாய்கள் 949 முதல் 2,215 வரையே இருக்கலாம் என்று 2015ஆம் ஆண்டின் பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது. ‘புழு’ என்று பெயரிடப்பட்ட விலங்கின் இன்றைய நிலை இது. காடழிப்பும் இரைக்குறைவும் இதற்குப் பெருங்காரணங்கள். எனினும் அந்தப் பெயர் தந்த உரிமத்தின் பங்கும் சிறிதன்று.

காடு சுருங்கிவரும் இக்காலத்தில், தோட்டத்தினுள் நுழையும் யானையும் குரங்கும் காட்டுப்பன்றியும் நம் செய்தித்தாள்களில் நாள்தோறும் பெயர் பெறுகின்றன. ‘அட்டகாசம்’, ‘அட்டூழியம்’, ‘படையெடுப்பு’ என்று எழுதும்போது, விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பயிரிழந்த உழவரின் துன்பம் உண்மையானது. மானிழந்த நீலகிரி வேட்டைக்காரரின் கவலையும் உண்மையானதே. அவர்களது எண்ணிக்கை சரியாக இருந்தது, குற்றவாளிக்கு இட்ட பெயர் தவறாக இருந்தது. ஆகவே ஒரு விலங்கின்மீது பழிச்சொல் ஏறும்போதெல்லாம், அதே செயலை மனிதர் செய்தால் நாம் அதற்கு என்ன பெயர் சொல்வோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மொழியைக் கற்றவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் அந்தக் கடமை கூடுதலாக உண்டு.