பதினொரு வயதின் கட்டுரைத் தாள்

பதினொரு வயதுக் குழந்தையைக் குறித்த நேரத்துக்குள் ஒரு கட்டுரை எழுதவைத்து, எந்தப் பள்ளிக்கு அது போகலாம் என்பதை அதையும் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு, 1907ஆம் ஆண்டு கல்வி வாரியம் வெளியிட்ட ஒரு விதியே முதற்காரணம் எனலாம். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளிக் கல்வியின் பொறுப்பை மாவட்ட, நகர மன்றங்களிடம் ஒப்படைத்து, கட்டணம் வாங்கும் இடைநிலைப் பள்ளிகளுக்கு அவை பொதுப்பணத்தைச் செலவிடவும் வழிசெய்திருந்தது. அப்பள்ளிகளில் நடுத்தர வகுப்பினரின் பிள்ளைகளே பெரும்பாலும் படித்துவந்த நிலையில், முழு மானியம் பெற விரும்பும் பள்ளி பொதுவாகத் தன் இடங்களில் 25 விழுக்காட்டைத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வரும் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டு விதி கூறியது. விதி கேட்டது, சேர வரும் குழந்தை பாடத்தைத் தொடரும் அளவுக்குக் கற்றிருக்கிறதா என்று பார்க்கும் எளிய தகுதித் தேர்வை மட்டுமே. ஆயினும் இடங்கள் சிலவாகவும் கேட்போர் பலராகவும் இருந்தமையால் அது சில ஆண்டுகளிலேயே கடும் போட்டித் தேர்வாகிவிட்டது. கணக்கும் ஆங்கிலமும் அதன் இரு தூண்கள். ஆங்கிலத் தாளில் பெரும்பாலும் ஒரு கட்டுரை தவறாமல் இடம்பெற்றது.

இத்தேர்வுக்குக் குழந்தைகளை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு தொடக்கப் பள்ளி ஆசிரியர்மீது விழுந்தது. தேறக்கூடியவர் எனக் கருதப்பட்ட சிலரைப் பிரித்தெடுத்து ‘ஸ்காலர்ஷிப் வகுப்பு’ ஒன்றில் உட்காரவைத்து, பள்ளி நேரத்துக்குப் பின்னும் பயிற்சி அளிப்பதும், தேறியவர் பெயரைப் பள்ளிக் கூடத்தின் மரப்பலகையில் பொன்னெழுத்தில் பொறிப்பதும் எங்கும் காணப்பட்டன. கட்டுரைத் தலைப்புகள் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுழன்றன: ஒரு செப்புக் காசின் தன்வரலாறு, மழைநாள், கடற்கரையில் ஒரு பொழுது, காணாமற்போன நாய். தமிழ்ப் பள்ளிகளில் குடையும் செருப்பும் தம் கதையைச் சொல்லும் தன்வரலாற்றுக் கட்டுரையைப் பழகியவர்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. அரைமணி, முக்கால் மணிக்குள் யோசித்து, எழுதி, பிழை திருத்தி முடிக்க வேண்டியிருந்ததால், யோசிக்கும் வேலையைத் தேர்வுக்கு முன்பே செய்துவைத்துவிடுவதே பயிற்சியின் சாரமாயிற்று. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்படி ஒரு தொடக்கம், ஒரு புயல் வருணனை, ஒரு முடிவு, நடுவே தூவுவதற்குச் சில அடைமொழிகள் எனக் குழந்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிற்று. ஒரே பள்ளியிலிருந்து வந்த தாள்களில் ஒரே புயல் வீசியதில் வியப்பில்லை. ஆசிரியரைக் குறைசொல்வதும் எளிதன்று; அவருடைய பள்ளியின் பெயர் அந்தப் பலகையின் நீளத்தைப் பொறுத்தே ஊரில் பேசப்பட்டது.

இப்படி எழுதப்பட்ட கட்டுரையை யார், எவ்வாறு மதிப்பிடுவது என்பதுதான் தீராத சிக்கலாக இருந்தது. பொருளியலாளரும் புள்ளியியலாளருமான ஃபிரான்சிஸ் எட்ஜ்வொர்த், 1888ஆம் ஆண்டிலேயே, ஒரே லத்தீன் உரைநடைத் தாளை 28 பேரிடம் கொடுத்துத் திருத்தச் செய்தபோது மதிப்பெண்கள் 45இலிருந்து 100வரை சிதறிக் கிடந்ததைக் காட்டியிருந்தார். லண்டன் மாவட்ட மன்றத்தின் பள்ளி ஆய்வாளரான பி. பி. பாலர்ட், 1923ஆம் ஆண்டு எழுதிய ‘நியூ எக்ஸாமினர்’ என்னும் நூலில், திருத்துபவரின் விருப்புவெறுப்புக்கு இடமளிக்காத குறுவினாத் தேர்வுகளை வற்புறுத்தினார். ஃபிலிப் ஹார்டாக், ஈ. சி. ரோட்ஸ் ஆகிய இருவரும் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. பள்ளி இறுதித் தேர்வில் ஒரே நடுத்தர மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்றுத் தாள்களை அனுபவம் மிக்க 14 தேர்வாளர்கள் திருத்தினர். ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அதே தாள்கள் அவர்களிடமே மீண்டும் கொடுக்கப்பட்டபோது, தேர்ச்சி, தோல்வி, சிறப்புத் தேர்ச்சி என வழங்கப்பட்ட 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. ஒருவர் மற்றொருவரோடு முரண்படுவதைப் புரிந்துகொள்ளலாம். தம்மோடு தாமே முரண்பட்டனர் என்பதே கல்வியாளர்களைக் கலங்கவைத்த செய்தி.

மாற்று ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் பல கிராமப் பள்ளிகள் இலவச இடத்துக்கு ஒரு குழந்தையைக்கூட அனுப்பாதிருந்ததைக் கண்ட அதிகாரிகள், 1921ஆம் ஆண்டு, நியூகாசிலில் பேராசிரியராக இருந்த காட்ஃப்ரி தாம்சனை அணுகினர். பள்ளிப் பயிற்சியை இயன்றவரை சாராமல், சொற்களுக்கிடையேயும் எண்களுக்கிடையேயும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பகுத்தறியும் ஆற்றலை அளக்க முயலும் நுண்ணறிவுத் தேர்வை அவர் அவர்களுக்காக வகுத்தார். நல்ல ஆசிரியர் வாய்க்காத கிராமத்துக் குழந்தையும் அதில் வெளிப்பட முடியும் என்பதே நோக்கம். 1925ஆம் ஆண்டு எடின்பரோவுக்குச் சென்றபின் அவர் வளர்த்தெடுத்த இத்தேர்வுகள், ‘மொரே ஹவுஸ்’ என்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பெயரால் நாடெங்கும் பரவின. அவற்றின் உரிமைத்தொகையைத் தாம் எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே அவர் விட்டுவிட்டார். பின்னாளில் இத்தேர்வுகள் சம்பாதித்த வசவுகளைப் படிப்போர், அவை வாய்ப்பற்றவருக்காகத் தோன்றியவை என்பதை மறந்துவிடுகின்றனர். இலங்கையில் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மத்திய பாடசாலைகளின் கதவைத் திறக்க எழுந்த புலமைப்பரிசில் திட்டமும், இன்று ஐந்தாந்தரப் பிள்ளைகளை மாலைதோறும் ரியூசன் வகுப்புக்கு அனுப்பும் பரீட்சையாக முடிந்திருப்பதை ஈழத்தமிழ் வாசகர் நன்கறிவர்.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசுசார் இடைநிலைப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்ததோடு, தெரிவுத் தேர்வை நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்கிற்று. பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் இலக்கணப் பள்ளி, எண்ணிக்கையில் மிகச் சிலவாகவே அமைந்த தொழில்நுட்பப் பள்ளி, எஞ்சியோருக்கான நவீன இடைநிலைப் பள்ளி எனக் குழந்தைகள் பிரிக்கப்பட்டனர். இலக்கணப் பள்ளியில் இடம் கிடைத்தது சராசரியாக ஐந்தில் ஒருவருக்கோ நான்கில் ஒருவருக்கோதான், அதுவும் மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிதும் வேறுபட்டது. ‘லெவன் பிளஸ்’ என்ற பெயர் வீடுகளில் புழங்கத் தொடங்கிய காலம் இது. தேறினால் மிதிவண்டி என்ற பெற்றோரின் வாக்குறுதியும் அதனுடன் சேர்ந்தே வந்தது. பயிற்சியால் மாறாது என நம்பப்பட்ட நுண்ணறிவு மதிப்பெண்கூட முறையான பயிற்சியால் பத்துப் புள்ளிக்கு மேல் உயரக்கூடும் என்று உளவியலாளர் ஃபிலிப் வெர்னன் 1950களின் தொடக்கத்தில் காட்டியதும், கட்டுரையை ஓரங்கட்டிய வாதத்தின் அடித்தளமே ஆட்டங்கண்டது.

இதற்கிடையில் வகுப்பறைகளில் வேறொன்று நிகழ்ந்திருந்தது. கட்டுரையை நீக்கி, கோடிட்ட இடத்தை நிரப்புதல், எதிர்ச்சொல்லை அடிக்கோடிடுதல், வரிசை குலைந்த வாக்கியத்தைச் சீர்செய்தல் ஆகிய வினாக்களால் மட்டும் ஆங்கிலத் தாளை அமைத்தால், தொடக்கப் பள்ளியும் அவற்றையே கற்பிக்கும். தொடர்ந்து நாலு பத்தி எழுதும் பழக்கம் பத்து வயதுக் குழந்தையிடமிருந்து மறைந்துவிடும். தேர்வு, தனக்கு முன்னால் உள்ள கல்வியைத் தன் உருவத்துக்கு வளைத்துவிடும் இந்தப் போக்கே கட்டுரையை மீண்டும் உள்ளே கொண்டுவந்த வாதமாயிற்று. திறமையை அளப்பதற்கு அது சிறந்த கருவி என்பதைவிட, அது இல்லாவிட்டால் எழுத்துப் பயிற்சி செத்துவிடும் என்பதே கட்டுரையை வைத்திருக்கப் பலர் சொன்ன காரணம். ஒரு வினாவைத் தேர்வில் வைப்பதற்கு இதைவிட விசித்திரமான நியாயம் அரிது. ஆனாலும் பள்ளிகளை அறிந்தவர் எவரும் அதைப் பொய் என்று தள்ள முடியாது.

அப்படியானால் அதை நியாயமாகத் திருத்துவது எப்படி? டெவன் மாவட்டத்தில் கையாளப்பட்ட முறையை ஸ்டீஃபன் வைஸ்மன் 1949ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றில் விளக்கினார். கருத்துக்கு இத்தனை, நடைக்கு இத்தனை, எழுத்துப்பிழைக்கு இத்தனை என்று கூறுபோட்டு மதிப்பிடுவதை விட்டு, ஒரே கட்டுரையை நான்கு ஆசிரியர்கள் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் அறியாமல், வேகமாகப் படித்து, மனத்தில் பட்ட முழுமையான மதிப்பை இட வேண்டும். நான்கையும் கூட்டினால் தனிமனிதச் சாய்வுகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிடும். நிறுத்தி நிதானமாகத் திருத்துவதே நேர்மை என்று பழகிய ஆசிரியருக்கு இது பொறுப்பற்ற செயலாகத் தோன்றியிருக்கும். எனினும் ஒருவர் நுணுகித் திருத்திய மதிப்பெண்ணைவிட நால்வர் விரைந்து இட்ட மதிப்பெண்ணின் கூட்டு நம்பத்தக்கதாக இருந்தது.

கட்டுரைக்கு வேறொரு பயனும் உண்டு என்பதை லீட்ஸ் நகரத்தின் ஒரு நிகழ்வு காட்டுகிறது. பெற்றோரை இழந்து பாட்டியின் வீட்டில் வளர்ந்த ரிச்சர்ட் ஹாகர்ட், பின்னாளில் ‘எழுத்தறிவின் பயன்கள்’ என்னும் நூலால் புகழ்பெற்று, உழைக்கும் வகுப்பிலிருந்து உதவித்தொகையால் மேலெழும் மாணவனின் மனநிலையை அதில் விரித்தெழுதியவர். அவரே அந்தத் தேர்வில் இடம்பெறத் தவறியவர்தான். அவருடைய தலைமையாசிரியர் அந்தக் கட்டுரையை மறுபடி படிக்குமாறு கல்வி அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டதன்பேரிலேயே அவருக்கு இலக்கணப் பள்ளியில் இடம் கிடைத்தது. அடிக்கோடிட்ட எதிர்ச்சொற்களை எத்தனை முறை மறுபடி படித்தாலும் இது நடந்திராது.

ஆல்ஃபிரட் யேட்ஸ், டி. ஏ. பிட்ஜன் ஆகியோர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கிடைக்கக்கூடிய சிறந்த முறைகளைக் கையாண்டாலும் பத்தில் ஒரு குழந்தை தவறான பள்ளிக்கு அனுப்பப்படும் என்று மதிப்பிட்டது. பல மாவட்டங்களில் சிறுமியர் சிறுவரைவிட அதிக மதிப்பெண் பெற்றதால் அவர்களுக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டதும் மெல்ல வெளிவந்தது. 1965ஆம் ஆண்டு கல்வி அமைச்சர் ஆண்டனி கிராஸ்லண்ட் வெளியிட்ட சுற்றறிக்கை தெரிவு முறையைக் கைவிடுமாறு மன்றங்களைக் கேட்டுக்கொண்டபின், இலக்கணப் பள்ளிகள் வேகமாகக் குறைந்து, இன்று இங்கிலாந்தில் 163 மட்டும் எஞ்சியுள்ளன. தேர்வு முற்றிலும் அழிந்துவிடவில்லை. கடல் கடந்து நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், தெரிவுப் பள்ளிகளுக்கான தேர்வின் நான்கு பகுதிகளுள் ஒன்றாக 30 நிமிட எழுத்துத் தாள் இன்றும் உள்ளது, சிட்னியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அதை எழுதுகின்றனர்.

32 இலக்கணப் பள்ளிகளைக் கொண்ட கெண்ட் மாவட்டத்தில் கட்டுரைக்கு வாய்த்த முடிவு தனிச்சிறப்புடையது. அங்கு குழந்தை, திட்டமிடுவதற்கான 10 நிமிடம் உட்பட 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதிவந்தது. அதற்கு மதிப்பெண்ணே இடப்படவில்லை. தேர்ச்சி எல்லையைத் தொடாத குழந்தையின் விவரங்களைத் தலைமையாசிரியர் குழு மறுபடி ஆராய நேர்ந்தால் மட்டும் அந்தத் தாள் வெளியே எடுத்துப் படிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும் துல்லியமாக அளக்க முடியாத ஒன்றை, அளக்காமல் படித்து மட்டும் பார்ப்பது என்ற இந்த ஏற்பாடே இதுவரை கண்டவற்றுள் அறிவுக்கு உகந்தது.