ஆறு மாதக் கணக்கு

தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 1821ஆம் வருடத்து வழக்கு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அமெரிக்க அடிமை முறையின் பரம எதிரி என்று பெயரெடுத்த மனுஷன், இளம் வக்கீலாக ஒரு எஜமானர் பக்கம் வாதாடி, சாரிட்டி பட்லர் என்ற பெண்ணை அடிமைத்தனத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். குழந்தைகளோடு. அடிமை ஒருவர் பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கினால் விடுதலை. விட்டு விட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டக் கூடாது என்றார் ஸ்டீவன்ஸ். ஜெயித்தார்.

அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் மாறினார் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. ஆனால் மாறினார். கறுப்பினத்தவரின் வோட்டுரிமையைப் பறித்த 1838ஆம் வருடத்து பென்சில்வேனியா அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். ஓடிவந்த அடிமைகளுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். காங்கிரஸில் 13ஆவது, 14ஆவது திருத்தங்களுக்காக மல்லுக்கு நின்றார்.

என்னை உலுக்கியது இதெல்லாம் இல்லை, 1865 செப்டம்பரில் லான்காஸ்டரில் அவர் பேசிய பேச்சு. கிளர்ச்சி செய்த பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலையான ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுக்கச் சொன்னார். காலடியில் மண் இல்லாதவன் பழைய எஜமானரிடமே கூலிக்குப் போய் நிற்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1867இல் தென் மாநிலக் கறுப்பின ஆண்களுக்கு வோட்டு வந்தது. நிலத்தைச் சொந்தக் கட்சிக்காரர்களே கைகழுவிவிட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் ஸ்டீவன்ஸ் செத்துப்போனார்.