சுத்தியல் ஏந்திய முஅல்லிம்கள்

நம் ஊர்களில் சிறார்க்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்பிப்பவரை முஅல்லிம் என்கிறோம். மொராக்கோ நாட்டிலோ கைத்தொழிலில் தேர்ந்த ஆசானுக்கும் அதுவே பெயர். பேச்சு வழக்கில் 'மஅல்லெம்' எனச் சற்றே திரிந்து வழங்கும் அச்சொல் தச்சருக்கும், செம்பு கொட்டுவோருக்கும், ஓடு பதிப்போருக்கும் உரியது. அறிவு ஏட்டில் மட்டுமன்று, கையிலும் உண்டு என்று ஒரு சமுதாயம் ஏற்றதன் அடையாளம் அது.

இதனை நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஃபாஸ் நகரம் மிகப் பொருத்தமான இடம். இத்ரீஸிய மன்னர்கள் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அமைத்த நகரம் அது. கி.பி. 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்னும் பெருமாட்டி நிறுவியதாகப் போற்றப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலுக்கு அருகிலேயே, ஸஃப்ஃபாரீன் சதுக்கத்தில் செம்பு கொட்டும் ஓசை கேட்கிறது. ஓதுமிடமும் உழைக்குமிடமும் அங்கே அண்டை வீடுகள்.

'ஸில்லீஜ்' எனும் வண்ண ஓட்டுவேலைப் பட்டறைக்குள் சிறுவர்களுடன் நுழைவோமாயின், முதலில் அவர்கள் ஏமாற்றமே அடைவர். தரையில் அமர்ந்த ஒருவர் மெருகேற்றிய ஓடுகளைக் கனத்த சுத்தியலால் சிறு துண்டுகளாகச் செதுக்குகிறார். மற்றொருவர் அவற்றை அடுக்குகிறார். வண்ண முகமோ கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது! சாந்து ஊற்றி, இறுகியபின் நிமிர்த்தும்போதுதான் கோலம் புலப்படும்.

"பார்க்காமலே எப்படி அடுக்கினார்?" என்று பிள்ளை கேட்கும். அக்கேள்விக்காகவே நாம் சென்றோம். திருமறையை மனனம் செய்யும் மாணவனைப்போல் அவரும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பழகி, கோலத்தை நெஞ்சில் ஏற்றியவர்.

மதுரை வரை வந்து சென்ற இப்னு பதூதாவின் பயண வரலாற்றை எழுதச் செய்த சுல்தான் அபூ இனான், 1350க்கும் 1355க்கும் இடையே ஃபாஸில் ஒரு மத்ரஸாவை எழுப்பினார். அதன் சுவர்களை இன்றும் அணிசெய்வது இக்கலையே.

முற்காலத்தில் பாலகர்களே பட்டறையில் அமர்ந்து தொழில் பயின்றனர். 2004இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் 15 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. அது நீதியே; குழந்தையின் இடம் பள்ளிக்கூடம். ஆயினும், பள்ளி முடித்த இளைஞன் கைத்தொழிலை இழிவென்று ஒதுக்கினால், எழுதி வைக்கப்படாத அந்தக் கல்வி ஆசானோடு கபுறுக்குள் சென்றுவிடும்.

எனவே பட்டறையைக் காட்டும்போது, விலை பேசும் முன்பு, "இவரும் ஒரு முஅல்லிம், ஸலாம் சொல்" என்று பிள்ளைக்குச் சொல்வோம். அந்த மரியாதை நெஞ்சில் பதிந்தால், நம் ஊர்த் தறியின் முன்னும் தச்சுப் பட்டறையின் முன்னும் அது தானே தலைதாழ்த்தி நிற்கும்.